முல்லர் என்றால் யார்?

பிறவியினால் தொழில் என்னும் ஏற்பாட்டை இன்னும் தாங்கிப் பேசுகின்றவர்கள், வாதத்தில் வழி அடைபட்டுப் போகும்போதெல்லாம் ஓடி ஒளிந்துகொள்வதற்கு ஒரு பொந்து வைத்திருக்கின்றார்கள். அது யாதெனில், "மேல்நாட்டில் மட்டும் என்ன வாழுகின்றது? ஜெர்மனியில் முல்லர் என்றால் மாவு அரைக்கின்றவன். ஷ்மிட் என்றால் கொல்லன். ஷ்னைடர் என்றால் தையற்காரன். பிஷர் என்றால் மீன் பிடிக்கின்றவன். வேபர் என்றால் நெசவு செய்கின்றவன். தொழிலையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு திரிகின்ற அவர்கள் நாகரிகக்காரர்கள், நாங்கள் மாத்திரம் காட்டுமிராண்டிகளோ?" என்பதாகும்.

கேட்கின்றபோது இது நியாயம் போலத்தான் காணப்படும். அவர்கள் சொல்லும் பெயர்களும் பொய்யல்ல. எழுத்து வேற்றுமைகளை ஒன்றாகச் சேர்க்காமல் எண்ணினால், ஜெர்மனியில் அதிகம் பேருக்குள்ள குடும்பப் பெயர்களில் முதல் ஐந்தும் மேலே சொன்ன அந்த ஐந்து பெயர்களேயாகும். அதிலும் முல்லர் என்பதுதான் முதலாவது. ஸ்விட்ஜர்லாந்திலும் அதற்கே முதலிடம். ஆகையால் இந்தக் கேள்வியை அலட்சியமாய்த் தள்ளிவிடாமல், முல்லர் என்ற அந்த ஒரே பெயரை எடுத்து வைத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, என்னென்ன பாடுபட்டது, கடைசியில் என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

முதலாவதாக, அந்தச் சொல்லே ஜெர்மானியருடைய சொந்தச் சொல் அல்ல. கையால் சுற்றும் திரிகைக்கு அவர்களிடம் வேறொரு பழைய சொல் இருந்தது. ஆற்றுத் தண்ணீரின் வேகத்தால் சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சக்கரத்தைக் கொண்டு கல்லைச் சுற்றி மாவு அரைக்கும் வித்தையை அவர்களுக்குக் கொண்டுவந்து காட்டியவர்கள் ரோமாபுரிக்காரர்கள். மோசல் நதியில் வந்து சேரும் ஒரு சிற்றாற்றில் அப்படிப்பட்ட ஆலை சுற்றியதை, 4-ம் நூற்றாண்டில் இருந்த ஆசோனியஸ் என்னும் லத்தீன் புலவர் எழுதி வைத்திருக்கின்றார். வித்தை வந்தபோது சொல்லும் கூடவே வந்தது. லத்தீனில் 'மோலா' என்றால் திரிகைக்கல். 'மோலினா' என்றால் ஆலை. 'மோலினாரியஸ்' என்றால் ஆலைக்காரன். அந்த மோலினாரியஸ் என்பவனே ஜெர்மானியர் வாயில் முலினாரி ஆகி, முல்னர் ஆகி, முல்லர் ஆனான். வட ஜெர்மனியில் அவனே மோல்லர். ஆகவே, ஜெர்மன் பெயர்களிலெல்லாம் தலைமையான பெயர் எதுவோ, அதுவே அன்னியரிடமிருந்து வாங்கிய பெயராய் இருக்கின்றது. சுத்தமான இனம், சுத்தமான பெயர் என்று மார் தட்டுகின்றவர்கள் இந்த ஒரு விஷயத்தை யோசித்தாலே போதுமானது.

இரண்டாவதாக, அது பரம்பரைப் பெயராகக் கடவுளால் கொடுக்கப்பட்டதுமல்ல. சுமார் 800, 900 வருஷங்களுக்கு முன்பு ஜெர்மனியில் ஒரு மனிதனுக்கு ஒரே பெயர்தான். ஹான்ஸ் என்றால் ஹான்ஸ். பட்டணங்கள் பெருத்து, ஒரே தெருவில் பத்து ஹான்ஸ்கள் சேர்ந்தவுடன், வரி வாங்குகின்றவனுக்கும் பத்திரம் எழுதுகின்றவனுக்கும் திண்டாட்டம் வந்துவிட்டது. எந்த ஹான்ஸ்? ஆலைக்கார ஹான்ஸ், கொல்லன் ஹான்ஸ், குன்றின்மேல் வீட்டு ஹான்ஸ், செம்பட்டைத் தலை ஹான்ஸ். இவ்வளவுதான் சங்கதி. 12-ம் நூற்றாண்டு முதல் பட்டணங்களில் ஆரம்பித்த இப்பழக்கம் மெள்ள மெள்ள நாட்டுப்புறத்துக்கும் பரவிற்று. வடமேற்கு மூலையிலுள்ள பிரீசியாவில், 1811-ல் நெப்போலியன் உத்தரவு போட்ட பிறகுதான் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆகவே இது அடையாளத்துக்காகக் கணக்கப்பிள்ளை போட்ட பெயரேயொழிய, பிரம்மா நெற்றியில் எழுதின பெயர் அல்ல.

அப்படியானால் மற்றத் தொழில்களை விட ஆலைக்காரன் பெயர் மாத்திரம் ஏன் இவ்வளவு பெருகிற்று என்று கேட்கலாம். ரொட்டி தின்னுகின்ற தேசத்தில் ஆலை இல்லாத ஊர் கிடையாது. ஒரு ஊருக்குப் பெரும்பாலும் ஒரே ஆலைக்காரன் இருந்ததால், 'ஆலைக்காரன்' என்று சொன்னாலே இன்னார் என்று விளங்கிவிடும். இப்படி ஊருக்கு ஊர் ஒரு முல்லர் முளைத்தான். அந்த ஆலையும் அவனுக்குச் சொந்தமாயிருந்தது அபூர்வம். ஆறும் நிலமும் பிரபுவுக்கு, அல்லது மடத்துக்கு. அவர்கள் உத்தரவில்லாமல் வேறொருவன் ஆலை கட்டக் கூடாது. இன்ன ஊர்க் குடியானவன் இன்ன ஆலையில்தான் அரைக்க வேண்டும், வேறெங்கும் போகக்கூடாது என்று கட்டாயமும் உண்டு. ஆலைக்காரன் தன் கூலியாகத் தானியத்தில் ஒரு பங்கை அளந்து எடுத்துக்கொள்ளுவான். அதிலிருந்து பிரபுவுக்குக் குத்தகை கட்ட வேண்டும். ஆகக் கூடி, கொள்ளைக்காரன் கோட்டைக்குள்ளே சுகமாக இருக்க, குடியானவன் கண்ணுக்கு எதிரில் அளவு மரக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஆலைக்காரன். பழி யார்மேல் விழும்? ஆலைக்காரன் என்றால் திருடன் என்ற பேச்சு தேசமெங்கும் பரவிற்று.

பேச்சோடு நின்றிருந்தாலும் பாதகமில்லை. சனாதனிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஜெர்மனியில் கைத்தொழிலாளர் தொழிலுக்கொரு சங்கமாய்க் கூடி வாழ்ந்தார்கள். சங்கத்தில் சேராதவன் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. சேருவதற்குப் போகின்ற பையன், "நான் கண்ணியமான தாய் தகப்பனுக்கு முறையாகப் பிறந்தவன்" என்று ஒரு பிறப்புப் பத்திரம் கொண்டுவர வேண்டும். கண்ணியமில்லாத தொழில்கள் என்று ஒரு ஜாபிதா இருந்தது. தலை வெட்டுகின்றவன், செத்த மாட்டின் தோலை உரிக்கின்றவன் ஆகியோர் அதில் அடித்தட்டு. இடத்துக்குத் தக்கபடி சணல் நூல் துணி நெய்கின்றவன், நாவிதன், குளிப்பறை வைத்திருப்பவன், ஆடு மேய்க்கின்றவன், சுங்கம் வாங்குகின்றவன், குழல் ஊதுகின்றவன், நம்முடைய ஆலைக்காரன் ஆகியவர்களும் அதில் சேர்ந்தார்கள். ஆலைக்காரன் மகன் தையல் கற்றுக்கொள்ளப் போனால், "உன் அப்பன் யார்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். தலை வெட்டுகின்றவனோடு உட்கார்ந்து ஒரு கோப்பை குடித்ததற்காகச் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர்கள் உண்டு. இழிதொழிலான் மகளைக் கலியாணம் செய்துகொண்டதற்காகத் தொழிலையே இழந்தவர்களும் உண்டு. சில இடங்களில் தூக்குமரத்துக்கு ஏணி கொண்டுவந்து கொடுக்கும் வேலையை ஆலைக்காரன் தலையில் கட்டிவிட்டு, "ஏணி கொடுக்கின்றவன் இழிந்தவன்தானே" என்று அதையே காரணமாகவும் காட்டினார்கள். ஊரார் அத்தனை பேரும் தின்றது அவன் அரைத்த மாவில் சுட்ட ரொட்டி. ரொட்டிக்கு மாத்திரம் தீட்டில்லை. அரைத்தவன் பிள்ளைக்குத் தீட்டு!

ஆகவே, "மேல்நாட்டிலும் இருந்ததே" என்று சொல்லுகின்றவர்களுக்கு நாம் 'ஆம், இருந்தது' என்றே பதில் சொல்லுகின்றோம். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது என்ன என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

1548-ம் வருஷத்தில் ஜெர்மன் சாம்ராஜ்யத்துக்கு ஒரு ஒழுங்குச் சட்டம் செய்தார்கள். நெசவுகாரன், நாவிதன், இடையன், ஆலைக்காரன், சுங்கக்காரன், குழலூதுகின்றவன், குளிப்பறைக்காரன் ஆகியோரும் அவர்களுடைய பிள்ளைகளும் ஒழுங்காய் நடக்கின்றவரையில் அவர்களைச் சங்கங்களிலிருந்து தள்ளக்கூடாது என்று அதில் கண்டது. சங்கக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1577-ல் மறுபடியும் அதையே சொன்னார்கள். அப்பொழுதும் பூரணமாகப் பலிக்கவில்லை. 1731-ல் இன்னும் கண்டிப்பாக ஒரு தொழிற் சட்டம் செய்து, தோல் உரிப்பவன் குடும்பத்தைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் கதவைத் திறக்கச் செய்தார்கள். அவன் குடும்பத்துக்கும், ஒரு தலைமுறை அத்தொழிலை விட்டு வேறு நல்ல தொழிலில் 30 வருஷம் கழித்தால் தீட்டுப் போய்விடும் என்று விதித்தார்கள். 30 வருஷத்தில் கரையக்கூடிய தீட்டு, 29-வது வருஷத்தில் மாத்திரம் எங்கே ஒட்டிக்கொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை போலும்! பின்னர் 1810-ல் பிரஷியா ராஜ்யத்தில் ஆலைக் கட்டாயத்தை எடுத்தார்கள். அதே வருஷத்தில் எவனும் எந்தத் தொழிலையும் செய்யலாம் என்று ஆக்கினார்கள். 1869-ல் வட ஜெர்மன் கூட்டாட்சி முழுமைக்கும் தொழிற் சுதந்திரம் சட்டமாயிற்று. நீராவி யந்திரம் வந்து ஆற்றங்கரை ஆலைகளை மூட ஆரம்பித்தது. 1548-லிருந்து 1869 வரையில் எண்ணிப் பாருங்கள். 321 வருஷம்! ஒரே சட்டத்தில் ஒழிந்துவிடவில்லை, தானாகவும் ஒழிந்துவிடவில்லை. சொல்லிச் சொல்லி, திருத்தித் திருத்தி, யந்திரத்தின் உதவியும் சேர்ந்து ஒழிந்தது.

சட்டம் வருவதற்கு முன்பே பெயரும் தொழிலும் பிரிந்து போய்விட்டன என்பதையும் கவனிக்க வேண்டும். 1779-ல் ஜெர்மனி முழுவதும் பேசப்பட்ட ஒரு ஆலைக்காரன் வழக்கு உண்டு. மேல்புறத்துப் பெரிய மனிதர் ஒருவர் மீன் குளம் வெட்டித் தண்ணீரை இழுத்துக்கொண்டதால் ஆலை ஓடவில்லை, குத்தகை கட்ட முடியவில்லை என்பது அவன் கட்சி. கோர்ட்டில் தோற்று ஆலையை இழந்தான். இரண்டாவது பிரடெரிக் ராஜா அவன் பக்கம் சேர்ந்துகொண்டு, பிரதம நீதி அதிகாரியை வேலையைவிட்டு நீக்கி, நீதிபதிகளைச் சிறையில் வைத்தார். ராஜா இறந்த 1786-ம் வருஷத்திலேயே நீதிபதிகள்மேல் குற்றமில்லை என்று ஆயிற்று. அந்த வழக்கில் நியாயம் யார் பக்கம் என்பது இங்கு நமக்கு வேண்டியதில்லை. அவ்வளவு பிரசித்தமான ஆலைக்காரனின் குடும்பப் பெயர் முல்லர் அல்ல, ஆர்னால்டு என்பதுதான் வேண்டியது. ஆலையில் ஆர்னால்டு, தையற்கடையில் முல்லர். பெயர் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம்.

நிற்க, கௌரவத்துக்காகப் பெயரை மாற்றிக்கொள்ளும் பைத்தியமும் அங்கே இருந்தது. 15, 16-ம் நூற்றாண்டுகளில் லத்தீன் படித்தவர்கள், தாய்ப்பாஷைப் பெயர் மட்டமானது என்று எண்ணி, அதையே லத்தீனில் திருப்பி வைத்துக்கொண்டார்கள். முல்லர் 'மோலிட்டர்' ஆனார்; ஷ்னைடர் 'சர்ட்டோரியஸ்' ஆனார்; வேபர் 'டெக்ஸ்டர்' ஆனார். சுரங்கத் தொழிலைப் பற்றி எழுதிய அறிஞர் அக்ரிகோலாவுக்குப் பிறப்பில் பவுவர், அதாவது குடியானவன் என்று பெயர். அறிவு பவுவருடையது, மரியாதை அக்ரிகோலாவுக்கு! செய்கின்ற தொழில் அதேதான், அர்த்தமும் அதேதான். புரோகித பாஷையில் சொன்னால் மாத்திரம் மணக்கின்றது.

இந்த வித்தையில் எல்லோரையும் தோற்கடித்தவர் நமது நாட்டில் யாவருக்கும் பெயர் தெரிந்த ஒருவராவார். அவர்தான் மாக்ஸ்முல்லர். 1823-ல் டெஸ்ஸோ பட்டணத்தில் பிறந்தவர். அவர் தகப்பனார் வில்ஹெல்ம் முல்லர் புலவர், பாட்டனார் கைத்தொழிலாளி. முல்லர் என்று பல பேர் இருந்தபடியால், தம்மைத் தனியாகத் தெரிந்துகொள்ள மாக்ஸ் என்ற தம் சொந்தப் பெயரையும் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். கிழக்கிந்தியக் கம்பெனியார் பணங்கொடுக்க, ரிக் வேதத்தைச் சாயணர் உரையோடு 1849 முதல் 1874 வரையில் ஆறு புத்தகங்களாக அச்சிட்டார். அதன் சமஸ்கிருத முகப்பில் அவருடைய பெயர் என்ன தெரியுமா? 'மோக்ஷமூலர பட்டர்'! ஜெர்மனி 'சார்மண்ய தேசம்' ஆயிற்று. அவர் குடியிருந்த ஆக்ஸ்போர்டு 'கோதீர்த்தம்' ஆயிற்று. மாவு அரைக்கின்றவன் என்று அர்த்தமுள்ள பெயர், கடல் தாண்டி வந்தவுடன் மோக்ஷத்துக்கே மூலமாய்ப் போய்விட்டது! சூத்திரன் வேதத்தைக் கேட்டால் அவன் காதை உலோகம் உருக்கி அடைக்கச் சொல்லுகின்றது கௌதம தர்ம சூத்திரம். அப்படிப்பட்ட வேதத்தை, ஆலைக்காரன் பெயரையுடைய ஒருவர் அச்சுப் போட்டுக் கொடுத்தார். வைதீக பண்டிதர்களும் அதை வாங்கி வைத்துப் படித்தார்கள். அவர்களில் யாராவது, "முல்லர் என்றால் என்ன தொழில்?" என்று கேட்டிருந்தால் கதை என்னவாயிருக்கும்?

அந்த மாக்ஸ்முல்லர் தம் முதிர்ந்த வயதில் ஒரு நல்ல எச்சரிக்கையும் செய்தார். ஆரியம் என்று தாம் சொன்னது பாஷையைப் பற்றித்தான் என்றும், ஆரிய ரத்தம், ஆரிய மண்டையோடு என்று பேசுவது அறிவீனம் என்றும் 1888-ல் எழுதினார். கேட்டவர் யார்? 45 வருஷம் கழித்து, 1933 ஏப்ரல் 7-ந் தேதி ஹிட்லர் ஆட்சி ஒரு சட்டம் செய்தது. அதன்படி ஆரியரல்லாதாருக்கு உத்தியோகம் கிடையாது. பாட்டன் பாட்டிகளில் ஒருவர் யூதராயிருந்தாலே போதும், பேரன் ஆரியன் அல்லவென்று விதி செய்தார்கள். முல்லர் என்ற பெயரை வைத்துக்கொண்டிருந்தால் மட்டும் போதவில்லை. பாட்டனுடைய ஞானஸ்நானச் சீட்டு வேண்டும், பாட்டியினுடைய கலியாணச் சீட்டு வேண்டும். மாதா கோவில் பதிவுப் புத்தகங்களைப் புரட்டுவதே தேசமெங்கும் வேலையாயிற்று. 1938-ல், யூதர் என்று தெரியும்படியான முதற்பெயர் இல்லாத ஆண்கள் எல்லாரும் இஸ்ரேல் என்றும், பெண்கள் எல்லாரும் சாரா என்றும் கூடுதலாக ஒரு பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். பெயரில் அடையாளம் குத்தி முடிந்த பிறகு, ஆட்களைத் தேடிப் பிடிப்பது எளிதாய்விட்டது. சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

ஆலைக்காரன் மகனிடம் சங்கக்காரர்கள் கேட்ட பிறப்புப் பத்திரத்தையும், 1933-ல் கேட்ட பாட்டன் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்வி ஒன்றுதான்: "நீ என்ன செய்கின்றாய்?" என்பதல்ல, "நீ யாருக்குப் பிறந்தாய்?" என்பதே. 1869-ல் செத்துப்போனதாக எண்ணியிருந்த கேள்வி, 64 வருஷத்தில் உயிரோடு எழுந்து வந்துவிட்டது. அடுத்த தடவை அது எழுந்திருக்காது என்று யாரும் நிம்மதியாய்த் தூங்கிவிட முடியாது என்பதே இதிலுள்ள பாடம்.

அந்தப் பெயர் மனிதனுடைய குணத்தையாவது காட்டுமா என்றால், அதுவும் காட்டாது. 1928 முதல் 1930 வரையில் ஜெர்மனியின் பிரதம மந்திரியாயிருந்த சமதர்மக் கட்சிக்காரர் ஹெர்மான் முல்லர். 1933-ல் ஹிட்லருக்கு ஆசீர்வாதம் சொல்லும் தலைமைப் பிஷப்பாக வந்தவர் லுட்விக் முல்லர். கெஸ்டபோ என்னும் ரகசியப் போலீசுக்குத் தலைவனாயிருந்து ஜனங்களை வதைத்தவன் ஹைன்ரிக் முல்லர். டி.டி.டி. மருந்து பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்து 1948-ல் நோபல் பரிசு பெற்ற ஸ்விஸ்காரர் பால் முல்லர். ருமேனியாவில் பிறந்து, அந்நாட்டுச் சர்வாதிகாரத்தை எதிர்த்து எழுதி 2009-ல் நோபல் பரிசு பெற்ற அம்மையார் ஹெர்ட்டா முல்லர். இவர்களில் எவர் மாவு அரைத்தார்? மந்திரியையும் கொலைகாரனையும் விஞ்ஞானியையும் எழுத்தாளரையும் ஒரே பெயர் தாங்கி நிற்கின்றதென்றால், பெயருக்கும் பிறவிக்கும் குணத்துக்கும் என்ன சம்பந்தம்?

இதுவரையில் சொன்னது பெரும்பாலும் ஆண்பிள்ளைகள் கதையே. பெண்கள் விஷயத்தில் அந்தப் பெயர் வேறு விதமான விலங்காயிருந்தது. பழைய காலத்தில் முல்லர் வீட்டுப் பெண்ணை முல்லரின் என்று விகுதி சேர்த்து அழைத்தார்கள். 1900-ல் அமுலுக்கு வந்த சிவில் சட்டப்படி, கலியாணமானவுடன் பெண்ணின் பெயர் போய் புருஷன் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1957-ல் செய்த திருத்தத்தில், வேண்டுமானால் தன் பழைய பெயரைப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம் என்று பிச்சை போட்டார்கள். 1976-ல், இருவரில் யார் பெயரையும் குடும்பப் பெயராய் வைக்கலாம், ஆனால் சம்மதப்படாவிட்டால் புருஷன் பெயரே நிற்கும் என்றார்கள். இது சமத்துவத்துக்கு விரோதம் என்று அரசியல் சட்டக் கோர்ட்டு 1991-ல் தள்ளிற்று. 1994 முதல், கலியாணத்துக்குப் பிறகும் அவரவர் பெயரோடு அவரவர் இருக்கலாம் என்று ஆயிற்று. ஆலைக்காரன் மகனுக்குத் தொழிற் சுதந்திரம் வந்த 1869-லிருந்து, அவன் வீட்டுப் பெண்ணுக்குப் பெயர்ச் சுதந்திரம் வருவதற்கு மேலும் 125 வருஷம் ஆயிற்று. எந்தத் தேசத்திலும் விடுதலைப் பந்தியில் பெண்ணுக்குக் கடைசி இலைதான் போலும்!

இப்போது சனாதனிகளின் கேள்விக்கு வருவோம். ஜெர்மனியில் முல்லர் என்ற பெயர் இருக்கின்றது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் வாசலில் நிறுத்துவதில்லை, தனிப் பாத்திரம் வைப்பதில்லை, பெண் கொடுக்க மறுப்பதில்லை, மாவு அரைக்கப் போ என்று சொல்லுவதில்லை. அது பாம்பு உரித்துப் போட்ட சட்டை, உள்ளே பாம்பில்லை. பாம்பை உள்ளே வைத்துக் கொண்டிருப்பவர்கள், "அங்கேயும் சட்டை கிடக்கின்றதே" என்று சாட்சி காட்டுவது என்ன யோக்கியமான வாதம்? அவர்களிடமிருந்து சாட்சி வேண்டுமானால், பெயரை மாத்திரம் எடுத்துக்கொள்ளாமல், அந்த 321 வருஷத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று சொல்லுவோம். 13-ம் நூற்றாண்டில் ஐக்கே என்பவர் தொகுத்த சாக்ஸன் சட்டப் புத்தகம் ஒன்று உண்டு. பிரபு இன்ன படி, குடியானவன் இன்ன படி என்று மனிதர்களை ஏணிப்படியில் அடுக்கி வைத்த புத்தகந்தான் அது. அப்படியிருந்தும் ஆலை வாசலுக்கு மாத்திரம், முதலில் வந்தவன் முதலில் அரைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் விதி இருக்கின்றது. ஜெர்மானியர் அதை இன்றைக்கும் பழமொழியாகச் சொல்லுகின்றார்கள். பிரபுக்களின் சட்டத்துக்குள்ளேயே, பாட்டன் பெயரைக் கேட்காத ஒரு வரிசை எப்படியோ புகுந்துவிட்டது. ஆலையின் கல்லுக்குத் தெரிந்த அந்த நியாயம் பள்ளிக்கூட வாசலுக்கும், உத்தியோக வாசலுக்கும், கலியாணப் பந்தலுக்கும் வருகின்ற வரையில், "நீ யாருக்குப் பிறந்தாய்?" என்று கேட்கின்றவனைப் பார்த்து, "அதைக் கேட்க நீ யார்?" என்று திருப்பிக் கேட்பதே தன்மதிப்புள்ள ஒவ்வொருவருடைய கடமையுமாகும்.